இடமிருந்து வலம்

லோயாங் தொழிற்பேட்டை, மூன்றாம் மாடி.
நாங்கள் அதை பிஸ்கட் என்போம்.
வரைபடத்தில் அதற்குப் பெயரில்லை,
பதினோரு இலக்க எண் மட்டும்.
உள்ளங்கையில் அடங்கும் அலுமினியம்,
வரிசையாக நான்கு துளை,
ஒரு மூலை மட்டும் சீவிவிட்டாற்போல்.

எங்கே போகிறது என்று ஆ செங்கிடம் கேட்டேன்.
"மேலே" என்றார்.
நான்காம் மாடிக்கு என்று நினைத்தேன்;
அங்கேதான் முலாம் பூசுகிறார்கள்.

துளைகளை அளப்பது என் வேலை.
மூன்றாவதில் ஒரு மயிரிழை கூடுதல்.
அனுமதித்த வரம்புக்குள்தான்.
இருந்தும் கழற்றி, துடைத்து, மறுபடி அளந்தேன்,
மறுபடியும்.
ரோஸ்னா சாப்பாட்டுக்கு இரண்டுமுறை கூப்பிட்டுவிட்டுப் போனாள்.
கடைசியில் தாளில் எழுதினேன்:
பரிசோதித்தவர், வீ. தவமணி.

நாலு வருஷம்.

இப்போது அந்தப் படங்கள் பொதுக் காப்பகத்தில் கிடக்கின்றன.
காசில்லை, கடவுச்சொல் இல்லை.
பாசிர் ரிஸில் ரயில் ஏறினால்
சீமெய் தாண்டுவதற்குள் இருபது பார்க்கலாம்.

ஈரடுக்குப் பேருந்தை நிமிர்த்தி வைத்தாலும்
கூரை தொடாத கூடம்.
நடுவில் வெள்ளி உருளை.
சுற்றிலும் தலைமுதல் கால்வரை வெள்ளை போர்த்தியவர்கள்,
கண்கள் மட்டும் வெளியே.
மஞ்சள் கொக்கி இறங்குகிறது.
அடுத்த படத்தில் இன்னும் ஒரு சாண் இறங்கியிருக்கிறது.
அதற்கடுத்ததில் எல்லாரும் அண்ணாந்திருக்கிறார்கள்;
வாய்த்துணிக்குப் பின்னால் யாரோ
மூச்சை அடக்கியிருப்பது எனக்குத் தெரிகிறது.

அங்கே ஒரு தலைமுடி விழுந்தாலும் விசாரணை நடக்கும் போல.
எங்கள் மாடியிலோ ரோஸ்னாவின் சம்பால் நெத்திலி
மூன்று மணிவரை மணக்கும்.
பிஸ்கட்டில் கொஞ்சம் ஒட்டியிருக்குமோ?
துடைத்திருப்பார்கள்.

திறப்பு ஒவ்வொன்றுக்கும் மூடி,
மூடி ஒவ்வொன்றிலும் சிவப்பு நாடா:
பறக்குமுன் அகற்றவும்.
எண்ணினேன், அறுபத்திரண்டு.
அத்தனையையும் கழற்றி ஒருவர் எண்ணியிருப்பார்;
அறுபத்தொன்று என்று வந்திருந்தால்
அன்றிரவு யாரும் வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்கள்.

படங்களுக்குக் கீழே பெயர்கள்.
இடமிருந்து வலம்: இன்னார், இன்னார், இன்னார்.

படம் 1406.
என் பிஸ்கட் இருக்க வேண்டிய இடத்தில்
ஒருவரின் முழங்கை.
பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன்,
முழங்கை கட்டம் கட்டமாக உடைந்தது.
அடுத்த படத்தில் அந்தப் பக்கம் முழுக்க வெள்ளைப் போர்வை.
முடிந்தது கதை என்று ஃபோனைப் பையில் போட்டேன்.

பாய லேபாரில் மறுபடி எடுத்தேன்.

முழங்கைக்காரர் எதையோ நீட்டிக்கொண்டிருக்கிறார்:
குச்சி முனையில், பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரி
ஒரு சின்னக் கண்ணாடி,
கண் போகாத இடுக்கில் நுழைத்து.
அந்தக் கண்ணாடிக்குள், ஒரு நகத்தின் அளவில்,
சீவிய மூலை.
நான்கு துளை.
எல்லாம் புரண்டு கிடக்கின்றன, வலமிருந்து இடமாக;
என் மூன்றாவது அங்கே இரண்டாவது.
விரல் வைத்து எண்ணினேன்.
பக்கத்து இருக்கைக்காரர் என் திரையை எட்டிப் பார்த்தார்.
பார்க்கட்டும்.

கீழே நான்கு பெயர்கள்.
ஐந்தாவதாக: அடையாளம் தெரியாத ஊழியர்.
அருகே ஒரு பெட்டி,
இவரை உங்களுக்குத் தெரியுமா?

அவர் குனிந்திருக்கிற விதம்.
பார்த்ததையே மறுபடி பார்க்கிறவரின் முதுகு அது.
அவரையும் சாப்பிட
இரண்டுமுறை கூப்பிட்டிருப்பார்கள்.

தெரியும் என்று தட்டினேன்.
பெயரை நிரப்பவும் என்றது.

காலாங் தாண்டி ரயில் தரைக்குள் இறங்கியது.
நாளைக்கு வருவது மின்தூக்கிக் கதவுக்கான தாங்கி,
அறுநூறு உருப்படி,
ஒன்றுக்கு இரண்டு துளை.